சிறகில் ஒரு சிவப்பு வட்டம்

1939 செப்டம்பர் 6. ஜெர்மனியோடு போர் என்று பிரிட்டன் அறிவித்து மூன்றே நாள். காலை நேரம். எதிரி விமானங்கள் வருகின்றன என்று எசெக்ஸ் பக்கம் அபாயச் சங்கு ஊதியது. நார்த் வீல்டு தளத்திலிருந்து 56-வது ஸ்குவாட்ரனின் ஹரிகேன் விமானங்கள் மேலே கிளம்பின. ஹார்ன்சர்ச் தளத்திலிருந்து 74-வது ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்கள் கிளம்பின.

அன்று ஒரு ஜெர்மன் விமானம்கூட வரவில்லை. தகவலே தவறு. ஆனால் மேலே போனவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஸ்பிட்ஃபயர்காரர்கள் தூரத்தில் சில விமானங்களைப் பார்த்தார்கள். பாய்ந்தார்கள். சுட்டார்கள். இரண்டு விமானங்கள் விழுந்தன. இரண்டும் ஹரிகேன். சொந்த விமானங்கள்.

ஒரு விமானி தப்பித்தார். இன்னொருவர், 26 வயது மான்டேக் ஹல்டன்-ஹேரப், இறந்துபோனார். அந்தப் போரில் உயிரிழந்த முதல் பிரிட்டிஷ் போர் விமானி அவர்தான். சுட்டவர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். ஸ்பிட்ஃபயரின் புகழைப் பேசும் புத்தகங்களில் இந்தக் காலைக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். அந்த விமானம் போரில் முதன்முதலில் சுட்டு வீழ்த்தியது தன் கூட்டாளியை!

விழுந்த ஹரிகேன்களில் அடையாளம் இல்லாமல் இல்லை. சிறகில் வட்டம் வரைந்திருந்தது. ஆனால் மேலே இருந்து பார்க்கிற எதிரியின் கண்ணுக்குச் சிக்கக் கூடாது என்று, சிறகின் மேல்பக்க வட்டத்தில் இருந்த வெள்ளை வளையத்தை எடுத்துவிட்டு, சிவப்பும் நீலமும் மட்டும் வைத்திருந்தார்கள். பச்சையும் பழுப்பும் பூசிய சிறகில் அது மங்கித் தெரியும். எதிரியிடமிருந்து ஒளிய வேண்டும். நண்பனுக்குத் தெரிய வேண்டும். ஒரே பெயின்ட் டப்பாவில் இரண்டையும் எப்படிச் சாதிப்பது? போர் முழுக்க இந்தத் தலைவலி தீரவே இல்லை. ரேடாரில் 'நான் உன் ஆள்' என்று தானாகப் பதில் சொல்லும் கருவியை எல்லா விமானங்களிலும் பொருத்துவதற்கு அவசரம் பிறந்தது இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

அந்த வட்டத்துக்கே ஒரு கதை உண்டு. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானங்களின் சிறகில் அவர்கள் தேசியக் கொடியை வரைந்தார்கள். கொடியின் நடுவில் பெரிய சிலுவை. ஜெர்மன் விமானத்திலும் சிலுவை. கீழே பதுங்குகுழியில் துப்பாக்கியோடு கிடந்த சிப்பாய்க்கு, உயரத்தில் போகிற சிலுவை யாருடைய சிலுவை என்று எப்படித் தெரியும்? பறப்பது எதுவாக இருந்தாலும் சுட்டான். பிரெஞ்சுக்காரர்கள் அப்போதே வட்டம் வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டன் அதை அப்படியே வாங்கி நிறத்தை மட்டும் மாற்றிப் போட்டது. நடுவில் சிவப்பு, பிறகு வெள்ளை, வெளியே நீலம்.

அந்த வட்டத்தைச் சுமந்துகொண்டு முதல் உலகப் போரில் பறந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். ராவல்பிண்டியில் பிறந்த ஹர்தித் சிங் மாலிக், தலைப்பாகைக்கு மேலே மாட்டுகிற அளவு பெரிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு பறந்தார். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் இன்னும் சின்னப் பையன். கண்பார்வை சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு வந்து சேர்ந்தார். முதலில் அவரைப் போட்டது எங்கே தெரியுமா? அதே 56-வது ஸ்குவாட்ரனில். 1918 ஜூலையில் 40-வது ஸ்குவாட்ரனில் இருந்தபோது 13 நாளில் பத்து வெற்றிகள். மூன்றாவது நாள், ஜூலை 22-ல், விமானத்தோடு எரிந்து விழுந்தார். வயது 19. பிரான்சில் இருக்கும் அவர் கல்லறையில் வங்காள எழுத்து இருக்கிறது. அவர் பறந்த விமானத்தில் வங்காளத்துக்கோ இந்தியாவுக்கோ எந்த அடையாளமும் கிடையாது.

தூத்துக்குடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

அடையாளம் என்பது கடற்கரைக்காரர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. போர்ச்சுகல் கொடி, டச்சுக் கொடி, ஆங்கிலேயர் கொடி என்று மாறி மாறிப் பார்த்த துறைமுகம் இது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் அடிப்படைக் கேள்வி அதுதான்: இந்தக் கடலில் ஓடுகிற கப்பல் யாருடையது? எட்டு வருஷம் கழித்து எம்டன் வந்தது. சென்னையில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலுக்கு மூன்று புகைபோக்கிதான். நான்காவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போலவே பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடுவதற்கு முன்னால் தன் சொந்தக் கொடியை ஏற்றியது. வேஷம் போடலாம், ஆனால் வேஷத்தோடு சுடக் கூடாது என்பது கடற்போரின் மரபு. கொடுமையிலும் ஒரு முறை! கெட்டிக்காரத்தனமும் மிரட்டலும் கலந்த ஆளை 'சரியான எம்டன்' என்று நம்மூரில் சொல்வது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.

விமானத்தின் கதைக்கு வருவோம். தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் இருக்கிறார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர். எழுபதைத் தாண்டிவிட்டார். ஒன்பதாவது படிக்கும் பேரனுக்கு துபாயில் இருக்கும் மாமா ஒரு பிளாஸ்டிக் விமானப் பெட்டி அனுப்பியிருந்தார். துண்டு துண்டாக இருக்கும். ஒட்டி, பெயின்ட் அடித்து, தண்ணீரில் நனைத்து எடுக்கிற ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும்.

"தாத்தா, இது ஹரிகேன்" என்றான் பையன்.

"அரிக்கேன் விளக்கால?"

"வெளக்கு இல்ல தாத்தா, பிளேன். வேர்ல்டு வார் பிளேன். இதுல ரெண்டு வட்டம் குடுத்துருக்கான். ஒண்ணுல நடுவுல செவப்பு இருக்கு, இன்னொண்ணுல இல்ல. எத ஒட்ட?"

தாத்தா ஸ்டிக்கர் காகிதத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "செவப்பு வேணாம்ல. எங்க அப்பா அந்தச் செவப்ப நம்பித்தான் ஏமாந்தாரு."

அவருடைய அப்பா 1942-ல் இருபது வயது தோணிக்காரர். சரக்கோடு கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கடற்கரைப் பரதவர்கள் ஈஸ்டரைக் கடலில் கிடந்தாலும் விடமாட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கொச்சிக்கடை அந்தோணியார் கோயில். விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். ஏழரை மணி இருக்கும். கடல் பக்கமிருந்து கூட்டமாக விமானங்கள். "நம்ம பிளேன்னுதான் நெனச்சோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம் அந்த அப்பா. "செவப்பு வட்டம் தெரிஞ்சுது. நம்ம வெள்ளக்காரன் பிளேன்லயும் செவப்பு வட்டம் உண்டே. கைகூட ஆட்டுனோம்."

கை ஆட்டியது ஜப்பான் கடற்படை விமானங்களைப் பார்த்து. பியர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே படை. ஆறு கப்பல்களில் காகா மட்டும் இல்லை. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு என்று ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே வந்து நின்றிருந்தன. முந்தின நாளே கனடா நாட்டு விமானி லியனார்டு பிர்ச்சால் அந்தப் படையைக் கண்டுபிடித்து ரேடியோவில் சேதி அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதியாக இருந்தார். ஆக, எதிரி வருவது தெரியும். இருந்தும் ஞாயிறு காலை சுமார் 125 விமானங்கள் கொழும்பின் தலைக்கு மேல் வந்த பிறகுதான் பல ஹரிகேன்கள் தரையை விட்டே கிளம்பின.

கொழும்பின் குதிரைப் பந்தய மைதானத்தை ஓடுபாதையாக மாற்றி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தளம் இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கேயிருந்து 258-வது ஸ்குவாட்ரனின் 14 ஹரிகேன்கள் ஏறின, ஒன்பது திரும்பவில்லை. ரத்மலானையிலிருந்து ஏறிய 30-வது ஸ்குவாட்ரனுக்கும் பெரிய இழப்பு. திருகோணமலைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வார்டுஃபிஷ் விமானங்கள், வேகம் குறைந்த பழைய இரட்டைச் சிறகு விமானங்கள், சண்டைக்கு நடுவில் மாட்டி ஆறும் விழுந்தன. துறைமுகத்தில் டெனிடாஸ், ஹெக்டர் என்ற இரு போர்க் கப்பல்கள் மூழ்கின. அன்றே நடுக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற பெரிய கப்பல்கள் இரண்டும் போயின. மறுநாள் இன்னொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது.

தோணி தப்பித்தது. பத்து நாள் கழித்துத் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்கள். கொழும்பிலிருந்து கடல் வழியாக 280 கிலோமீட்டர் அளவுதான். வானத்தில் எது பறந்தாலும் பாயை இறக்கிவிட்டு, கருவாட்டு மூட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டே வந்தோம் என்று அப்பா சொல்வாராம். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சேர்ந்தது என்று மகனுக்கும் தெரியாது. கருவாடு மட்டும் நிச்சயம் என்று சிரிக்கிறார்.

சிவப்பைப் பார்த்து ஏமாந்தது அந்தத் தோணிக்காரர் மட்டும் என்றால் அது வீட்டுக் கதையாகவே போயிருக்கும். ஆனால் ராணுவமே அதே முடிவுக்குத்தான் வந்தது. சண்டையின் வேகத்தில், ஒரு நொடி கண்ணில் படுகிற சிவப்புப் புள்ளி ஜப்பானின் சூரியனா, பிரிட்டனின் வட்டமா என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை. அமெரிக்கர்கள் 1942 மே மாதமே தங்கள் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியர்களும் எடுத்தார்கள். இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த விமானங்களில் நடுச் சிவப்பின் மேல் பெயின்ட் பூசப்பட்டது. பிறகு கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட புதிய வட்டம் வந்தது. 1932-ல் பிறந்த இந்திய விமானப் படையின் விமானங்களும் பர்மாவில் அந்த நீல வட்டத்தோடுதான் பறந்தன.

இங்கே இன்னொரு எழுத்தையும் சொல்ல வேண்டும். போர் நிதிக்கு மதராஸ் மாகாணம் அள்ளிக் கொடுத்தது. நன்றிக்கடனாக பிரிட்டிஷ் விமானப் படையின் நான்கு ஸ்குவாட்ரன்களின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'மதராஸ் பிரசிடென்ஸி' என்று சேர்த்தார்கள்: குண்டு வீசும் 35, சண்டை போடும் 79, 234, 264. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு விலை என்று சொல்லப்பட்ட தொகை 5,000 பவுண்டு. கட்டியவர் பெயரையோ ஊரையோ விமானத்தின் மூக்குப் பக்கம் சின்ன எழுத்தில் எழுதிவிடுவார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. நன்கொடையாக மனமுவந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர், கலெக்டர் கேட்டாரே என்று கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வ.உ.சி.யின் கப்பலை முடக்கிய அதே அரசாங்கத்துக்கு, முப்பது வருஷம் கழித்து, அவர் மாகாணத்தின் பெயரில் விமானங்கள்.

அடையாளத்தைத் தனக்கென்று எழுதிக்கொண்டவரும் உண்டு. சிம்லாவில் பிறந்த மொகிந்தர் சிங் புஜ்ஜி 1940-ல் இங்கிலாந்து போன 24 இந்திய விமானிகளில் ஒருவர். தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஹரிகேன் ஓட்டியவர். ஒருமுறை விமானம் அடிபட்டு இங்கிலாந்துக் கரையில் வந்து மோதியபோது தலையைக் காப்பாற்றியது அந்தத் துணிச் சுற்றுதான். அதற்கப்புறம் மாற்றுத் தலைப்பாகை ஒன்றையும் கூடவே எடுத்துப் போவாராம். அவர் ஹரிகேனில் எழுதியிருந்த பெயர் 'அம்ரித்'. பிற்பாடு அவர் மனைவியானவரின் பெயர் அது. சிறகில் ராஜாங்கத்தின் வட்டம் பெரிதாக இருக்கட்டும். மூக்கில் தன் ஆள் பெயர். கொழும்பில் ஒன்பது விமானங்களை இழந்த 258-வது ஸ்குவாட்ரனில் அவரும் இங்கிலாந்தில் சில காலம் பறந்திருக்கிறார்.

இதைப் பேரன் செல்போனில் படித்துக் காட்டியபோது தண்டலுக்கு ஒரு குஷி வந்துவிட்டது. தோணிக்காரன் மனசு அது. தோணியின் முன்பக்கம் எழுதுகிற பெயர் அவர்களுக்குச் சும்மா எழுத்து அல்ல. மாதா பெயர், புனிதர் பெயர், பெற்றவள் பெயர். ஆனால் அந்த எழுத்து ஒருநாள் உயிரையே காத்தது என்பதை அவர் அபூர்வமாகத்தான் சொல்வார்.

இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மன்னார் வளைகுடாவில் இரவில் போவதே பயம். ஒரு ராத்திரி, காற்று விழுந்து தோணி நகராமல் கிடந்தபோது ஒரு ரோந்துப் படகு நெருங்கியது. எந்த நாட்டுப் படகு என்றுகூட முதலில் புரியவில்லை. வெளிச்சம் அடித்தார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ கத்தினார்கள். தண்ணீரில் தடதடவென்று குண்டு விழுந்தது. தோணியின் பெயர் உப்புக் காற்றில் உரிந்து பாதி எழுத்து போயிருந்தது. அந்தப் பயணம் முடிந்ததும் எழுதலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். கொடி சுருண்டு கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"அரிக்கேன எடுல!" என்று கத்தினார் தண்டல். ஒரு பையன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி முன்பக்கம் தொங்கவிட்டான். இன்னொருவன் ஏறிக் கொடியின் நுனியைப் பிடித்து விரித்துக்கொண்டு நின்றான். கை நடுங்கியதில் விளக்கு ஆடியது. எழுத்து தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு அந்தப் படகு பக்கத்தில் வந்து, தாளை வாங்கிப் பார்த்து, போகச் சொல்லிவிட்டது. கொடியை விரித்துக்கொண்டு நின்றவனுக்குப் பதினேழு வயது. கரைக்கு வந்தவன் அதற்கப்புறம் தோணி ஏறவில்லை; உப்பளத்து வேலைக்குப் போய்விட்டான்.

"அவன் மேல கோவமே வரல பாத்துக்க" என்றார் தண்டல், பேரனிடம். "சுட்டவன் மேலயும் வரல. இருட்டுல அவனுக்கு என்ன தெரியும்? எழுதாம விட்டது நாங்கதானே."

பார்க்கிங் கிரீக்கில் சுட்டவர்களைப் பற்றி நீதிமன்றம் இதைவிட அதிகமாக என்ன சொல்லியிருக்க முடியும்?

2019 ஏப்ரல் 21-ல், இன்னொரு ஈஸ்டர் ஞாயிறு காலையில், அதே கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் குண்டு வெடித்தது. டி.வி.யில் அந்தப் படம் வந்தபோது தண்டல் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த முறை வானத்தில் எதுவும் இல்லை, எந்த வட்டமும் இல்லை. வாசல் வழியாக, கும்பிட வந்தவர் போலவே ஓர் ஆள் நடந்து வந்தான். அதைப் பற்றி அவர் வீட்டில் இன்றுவரை பேசியதில்லை.

பேரன் கடைசியில் நீல வட்டத்தையே ஒட்டினான். மூக்கில் என்ன எழுதலாம் என்று ஒரு வாரம் யோசித்து, அம்மா பெயரை எழுதினான். தமிழில் எழுதியதால் இடம் பத்தவில்லை. கடைசி எழுத்து வளைந்து காற்றாடிப் பக்கம் ஏறிவிட்டது.

சுதந்திரம் வந்த பிறகு இந்திய விமானங்களின் சிறகில் கொஞ்ச காலம் அசோகச் சக்கரம் இருந்தது. குடியரசான பின்பு காவி, வெள்ளை, பச்சை வட்டம் வந்தது. அந்த ஸ்டிக்கர் பெட்டியில் இல்லை என்று பையனுக்குக் குறை. தாத்தாவுக்கு அந்தக் குறை கிடையாது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அண்ணன் மகனின் படகில் பெயரையும் பதிவு எண்ணையும் புதுசாக எழுதுவது வருஷா வருஷம் அவர் பொறுப்பு. இந்த வருஷம் கூடவே பையனையும் கூட்டிக்கொண்டு போனார். ஐ, என், டி, ஒரு கோடு, டி, என். வெயிலில் நின்று, ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம் வரும்படி சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு, பெயின்ட் டப்பாவைப் பேரன் கையில் கொடுத்தார்.

"ரெண்டு கோட்டிங் அடி. தூரத்துலருந்து தெரியணும்."